கேரி கில்டால்

கேரி ஆர்லன் கில்டால் (மே 19, 1942 – ஜூலை 11, 1994) ஓர் அமெரிக்கக் கணினியியலாளர், ஆசிரியர், மென்பொருள் தொழில்முனைவோர் ஆவார். நுண்கணினிகளில் 1970களின் பிற்பகுதியில் பரவலாகப் பயன்பட்ட சிபி/எம் இயங்குதளத்தை உருவாக்கியவர் இவரே. நுண்செயலிகளுக்கான முதல் உயர்நிலை நிரலாக்க மொழிகளுள் ஒன்றான பிஎல்/எம் மொழியையும் இவர் வடிவமைத்தார்.

ஐபிஎம் நிறுவனத்தின் ஒப்பந்தத்தை 1980இல் தவறவிட்டவர் என்றே கில்டால் பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறார். ஆயினும் இவர் எடுத்த தொழில்நுட்ப முடிவுகள் பல, இவருடைய இயங்குதளம் வழக்கொழிந்த பின்னரும் எம்எஸ்-டாஸ், விண்டோஸ் ஆகியவற்றில் நிலைத்துள்ளன. விண்டோஸ் நிரல்கள் பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் சி இயக்கநேர நிரலகம், ஓர் உரைக் கோப்பு எங்கு முடிகிறது என்பதைத் தீர்மானிக்கும் முறையிலும் கில்டாலின் தடத்தைக் காணலாம்.

பிறப்பும் இளமையும்

கில்டால் அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்திலுள்ள சியாட்டில் நகரில் பிறந்தார். இவருடைய குடும்பத்தினர் அந்நகரில் கப்பல் செலுத்தும் கலையைக் கற்பிக்கும் பள்ளியொன்றை நடத்தி வந்தனர். தந்தை ஜோசப் கில்டால் நோர்வே மரபைச் சேர்ந்த கப்பல் தலைவர். இளமையில் கேரியும் அப்பள்ளியில் கற்பித்தார்.

கணித ஆசிரியராகும் எண்ணத்துடன் இவர் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்குக் கணினிகளுடன் ஏற்பட்ட பழக்கம் இவருடைய நாட்டத்தை மாற்றியது. வியட்நாம் போர்க் காலத்தில் கட்டாய இராணுவப் பணியின் பகுதியாக, கலிபோர்னியாவின் மான்டரே நகரிலுள்ள கடற்படைப் பட்டமேற்படிப்புப் பள்ளியில் கணினியியல் கற்பிக்கும் வாய்ப்பு இவருக்குக் கிடைத்தது. இவர் 1972இல் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

நிரலில் தரவு செல்லும் வழிகளை ஆராய்ந்து அதனைச் செம்மைப்படுத்தும் பொதுமுறை ஒன்றை இவர் 1973இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். கில்டால் முறை எனப்படும் இது, கம்பைலர் எனப்படும் தொகுப்பிகளைப் பற்றிய பாடங்களில் இன்றும் இடம்பெறுகிறது. எனவே, சிபி/எம் என்ற ஒன்று உருவாகியிராவிட்டாலும் கணினியியலில் இவருக்கு ஓர் இடம் இருந்திருக்கும்.

நுண்செயலியும் பிஎல்/எம் மொழியும்

இன்டெல் நிறுவனம் 1971இல் 4004 என்னும் நுண்செயலியை வெளியிட்டது. கில்டால் அதனை வாங்கி நிரல்கள் எழுதத் தொடங்கினார். பின்னர் அந்நிறுவனத்திற்கு ஆலோசகராகவும் பணியாற்றினார். நுண்செயலியின் செயற்பாட்டைப் பெருங்கணினியில் போலச் செய்து காட்டும் நிரல்களை எழுதியதுடன், 8008, 8080 நுண்செயலிகளுக்கென பிஎல்/எம் மொழியையும் உருவாக்கினார்.

அக்காலத்தில் நுண்செயலிகளுக்கான நிரல்கள் பொறிமொழியிலோ அதற்கு மிக நெருக்கமான மொழியிலோ எழுதப்பட்டன. ஒரு நுண்செயலிக்கு எழுதியதை மற்றொன்றிற்கு மாற்றுவது கடினம். நிரலை வன்பொருளிலிருந்து கூடியவரை விலக்கி வைக்க வேண்டும் என்ற நோக்கம் பிஎல்/எம் மொழியில் தொடங்கி, கில்டாலின் பணிகள் அனைத்திலும் தொடர்ந்தது.

சிபி/எம் இயங்குதளம்

நெகிழ்வட்டு இயக்கிகள் 1970களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தன. துளைநாடாவுடன் ஒப்பிடுகையில் நெகிழ்வட்டு மிக விரைவானது. ஆனால் அதில் கோப்புகளை எழுதவும் தேடவும் ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. கில்டால் அம்மென்பொருளை எழுதினார். வட்டு இயக்கியைக் கணினியுடன் இணைக்கும் மின்சுற்றை இவருடைய நண்பர் ஜான் டோரோட் அமைத்தார். 1974இல் சிபி/எம் இயங்கத் தொடங்கியது. இன்டெல் நிறுவனம் பிஎல்/எம் மொழியை ஏற்றுக்கொண்டதே தவிர, சிபி/எம்மில் ஆர்வம் காட்டவில்லை.

கில்டாலும் அவருடைய மனைவி டோரத்தி மெக்யூவனும் சேர்ந்து அதே ஆண்டில் இன்டர்கலாக்டிக் டிஜிட்டல் ரிசர்ச் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். பின்னர் அதன் பெயர் டிஜிட்டல் ரிசர்ச் எனச் சுருங்கியது. கலிபோர்னியாவின் பசிபிக் குரோவ் என்னும் சிற்றூரில் நிறுவனம் இயங்கியது. தொழில்நுட்பத்தைக் கில்டாலும், வணிகத்தை டோரத்தியும் கவனித்துக்கொண்டனர்.

சிபி/எம்மின் கட்டளைகள் சிலவற்றில் டெக் நிறுவனக் கணினிகளின் சாயல் உண்டு. ஏ:, பி: என வட்டுகளுக்கு எழுத்தால் பெயரிடுதல், கோப்பின் பெயருக்கு 8 எழுத்துகளும் வகைக்கு 3 எழுத்துகளும் ஒதுக்குதல் முதலியன சிபி/எம் வழியாகவே தனியாள் கணினிகளில் பரவின.

மூன்று அடுக்குகள்

நுண்கணினி ஒவ்வொன்றின் வட்டு இயக்கியும் திரையும் விசைப்பலகையும் வேறுவேறாக இருந்தன. தொடக்கத்தில் ஒவ்வொரு புதிய கணினிக்கும் சிபி/எம்மின் பல பகுதிகளை மாற்ற வேண்டியிருந்தது. ஐஎம்எஸ்ஏஐ நிறுவனம் தன் கணினிகளுக்குச் சிபி/எம்மைக் கேட்டபோது, கில்டால் வன்பொருள் சார்ந்த பகுதிகள் அனைத்தையும் தனியே பிரித்து ஓரிடத்தில் வைத்தார். அப்பகுதிக்கு பயாஸ் என்று பெயர். அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு அமைப்பு என்பது இதன் பொருள். அந்நிறுவனம் சிபி/எம்மிற்கான உரிமத்தை 25,000 டாலருக்குப் பெற்றது.

இதன் பின்னர் சிபி/எம் மூன்று பகுதிகளைக் கொண்டிருந்தது.

1. பயனர் தட்டச்சிடும் கட்டளைகளை ஏற்கும் பகுதி.
2. கோப்புகளைக் கையாளும் பிடாஸ் என்னும் பகுதி. இது எல்லாக் கணினிகளிலும் ஒன்றே.
3. வன்பொருளுடன் நேரடியாகப் பேசும் பயாஸ். இதனைக் கணினி உற்பத்தியாளரே எழுதிக்கொள்ளலாம். சிபி/எம் 2.2 பதிப்பில் இதற்கு 17 நுழைவுகள் மட்டுமே இருந்தன.

பயன்பாட்டு நிரல் எதுவாயினும், நினைவகத்தின் 5ஆம் முகவரியை அழைத்து, தனக்கு வேண்டிய பணியின் எண்ணைத் தெரிவித்தால் போதும். கோப்பைத் திறத்தல், படித்தல், எழுதுதல் முதலிய பணிகளைப் பிடாஸ் செய்து கொடுக்கும். ஒரே நிரல் தொகுதியை எல்லாப் பயன்பாடுகளும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது. சிபி/எம் 2.2இல் பிடாஸின் அளவு 3,584 பைட்டுகளே.

இவ்வேற்பாட்டினால் வோர்ட்ஸ்டார், டிபேஸ் போன்ற மென்பொருள்கள் வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகளில் இயங்கின. மென்பொருள் என்பது வன்பொருளிலிருந்து பிரிந்து தனித் தொழிலாக வளர இது வழிவகுத்தது எனலாம். 1981ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 3,000 கணினி மாதிரிகளில் சிபி/எம் இயங்கியது.

கோப்பின் முடிவு

அக்காலத்து 8 அங்குல நெகிழ்வட்டில் ஒவ்வொரு துண்டும் 128 பைட்டுகள் கொண்டது. வட்டொன்றில் 77 தடங்களும், தடத்திற்கு 26 துண்டுகளும் இருந்தன. மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 250 கிலோபைட்டுகள். சிபி/எம் ஒரு கோப்பின் நீளத்தை 128 பைட்டுகள் கொண்ட பதிவுகளின் எண்ணிக்கையாகவே குறித்து வைத்தது. கோப்பின் சரியான பைட்டு எண்ணிக்கை எங்கும் குறிக்கப்படவில்லை.

எடுத்துக்காட்டாக, 300 பைட்டுகள் கொண்ட ஒரு கடிதத்தைச் சேமிக்க 3 பதிவுகள், அதாவது 384 பைட்டுகள் தேவை. எஞ்சிய 84 பைட்டுகள் கடிதத்தைச் சேர்ந்தவை அல்ல என்பதைப் படிக்கும் நிரலுக்கு எவ்வாறு தெரிவிப்பது? இதற்கு 26 என்னும் மதிப்புடைய குறி பயன்படுத்தப்பட்டது. விசைப்பலகையில் கண்ட்ரோல் விசையுடன் இசட் விசையை அழுத்தினால் வரும் குறி இதுவே. உரைக் கோப்பில் இக்குறி வந்தால், உரை அங்கே முடிந்தது என்று பொருள்.

படம், நிரல் முதலிய கோப்புகளில் 26 என்னும் மதிப்பு எங்கும் வரக்கூடும். எனவே இவ்வழக்கம் உரைக் கோப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். கோப்பு உரையா அல்லவா என்பதை இயங்குதளம் அறியாது. நிரலே அறிந்திருக்க வேண்டும். வரியின் முடிவும் தொலைதட்டச்சுப் பொறிகளின் வழக்கப்படி 13, 10 என்னும் இரண்டு குறிகளால் குறிக்கப்பட்டது.

சி மொழியும் இயக்கநேர நிரலகமும்

டென்னிஸ் ரிட்சி பெல் ஆய்வகத்தில் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய சி மொழி, யுனிக்ஸ் இயங்குதளத்துடன் வளர்ந்தது. யுனிக்ஸில் கோப்பு என்பது பைட்டுகளின் தொடர்ச்சி மட்டுமே. அதன் நீளம் பைட்டுக் கணக்கில் குறிக்கப்படும். வரியின் முடிவிற்கு 10 என்னும் ஒரே குறி போதும். ஆகவே உரைக் கோப்பு, பிற கோப்பு என்ற வேறுபாடு அங்கு எழவில்லை.

சி மொழியில் அச்சிடுவதற்கோ கோப்பைத் திறப்பதற்கோ தனிக் கட்டளைகள் இல்லை. அவை அனைத்தும் ஒரு நிரலகத்தில் உள்ளன. நிரல் இயங்கும்போது துணைநிற்பதால் இது இயக்கநேர நிரலகம் எனப்படுகிறது. மொழிக்கும் இயங்குதளத்திற்கும் இடையிலான வேறுபாடுகளைச் சரிசெய்வது இந்நிரலகத்தின் பொறுப்பாகும்.

சி மொழி சிபி/எம்மிற்கு வந்தபோது இவ்விரு மரபுகளும் சந்தித்தன. லியோர் சோல்மன் 1979இல் வெளியிட்ட பிடிஎஸ் சி தொகுப்பி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் உரைக் கோப்பை முடிக்கும்போது 26 என்னும் குறியை எழுதும் பொறுப்பு நிரலரிடமே இருந்தது. மேலும், ஒரே நேரத்தில் ஒரே நிரல் இயங்கும் 64 கிலோபைட்டு நினைவகத்தில், இயக்கநேர நிரலகத்தைப் பகிர்ந்துகொள்ளும் தேவை எழவில்லை. ஒவ்வொரு நிரல் கோப்பும் அதன் படியொன்றைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. பிடாஸ் மட்டுமே எல்லோருக்கும் பொதுவாக இருந்தது.

ஐபிஎம் ஒப்பந்தம்

ஐபிஎம் நிறுவனம் 1980இல் தன் தனியாள் கணினிக்கு ஓர் இயங்குதளத்தைத் தேடியது. அதன் பிரதிநிதிகள் பசிபிக் குரோவிற்கு வந்தனர். அன்று காலை கில்டால் தம் விமானத்தில், பில் காட்பவுட் என்னும் வாடிக்கையாளரைக் காணச் சென்றிருந்தார். ஐபிஎம் தந்த இரகசியக் காப்பு உடன்படிக்கையில் உடனே கையொப்பமிட டோரத்தி தயங்கினார். அன்று பிற்பகலில் தாம் திரும்பி வந்து பேச்சில் கலந்துகொண்டதாகக் கில்டால் பிற்காலத்தில் தெரிவித்தார். ஐபிஎம் தரப்பிலிருந்து வந்த நினைவுகள் இதனுடன் ஒத்துப்போகவில்லை. வணிகத்தை மறந்து வானில் உல்லாசமாகப் பறந்துகொண்டிருந்தார் என்று பரவிய கதை, அவர் வணிக வேலையாகவே சென்றிருந்தார் என்பதை மறைத்துவிடுகிறது.

உடன்பாடு ஏற்படாத நிலையில் ஐபிஎம் மைக்ரோசாப்ட் நிறுவனத்தை நாடியது. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் நிறுவனத்தில் டிம் பேட்டர்சன், 8086 நுண்செயலிக்கான சிபி/எம் வரத் தாமதமானதால், 86-டாஸ் என்னும் இயங்குதளத்தை 1980இல் எழுதியிருந்தார். சிபி/எம் நிரல்களை எளிதில் மாற்றி இயக்குவதற்காக, அதன் பணி அழைப்புகளைச் சிபி/எம்மின் அழைப்புகளை ஒட்டியே அவர் அமைத்தார். மைக்ரோசாப்ட் 1981இல் அதன் முழு உரிமையையும் வாங்கியது. ஆகஸ்டு 12, 1981இல் ஐபிஎம் கணினி அறிமுகமானபோது அது பிசி டாஸ் என்னும் பெயரில் வெளிவந்தது.

கில்டால் இதனைத் தம் படைப்பின் நகலாகவே கருதினார். பேட்டர்சன் இதனை மறுத்தார். சிபி/எம்மின் மூல நிரலைத் தாம் பார்த்ததில்லை என்பது அவர் தரப்பு. 2004இல் வெளிவந்த நூலொன்றில் கில்டாலுக்கு ஆதரவாக எழுதிய ஹரால்ட் எவன்ஸ் மீது பேட்டர்சன் அவதூறு வழக்குத் தொடர்ந்தார். அவ்வழக்கு 2007இல் தள்ளுபடி செய்யப்பட்டது.

கில்டால் எதிர்ப்புத் தெரிவித்ததை அடுத்து, ஐபிஎம் சிபி/எம்-86ஐயும் விற்க ஒப்புக்கொண்டது. ஆனால் சிபி/எம்-86 ஏறத்தாழ 240 டாலருக்கும் பிசி டாஸ் 40 டாலருக்கும் விற்கப்பட்டன. வாங்குவோர் விலை குறைந்ததையே தேர்ந்தெடுத்தனர்.

பிற்காலப் பணிகள்

ஒரே நேரத்தில் பல பயனர்களும் பல நிரல்களும் இயங்கக்கூடிய எம்பி/எம், கன்கரண்ட் சிபி/எம் ஆகியவற்றை டிஜிட்டல் ரிசர்ச் வெளியிட்டது. அந்நிறுவனத்தின் ஜெம் என்னும் வரைகலை இடைமுகம் 1985இல் வெளிவந்தது. எம்எஸ்-டாஸுக்குப் போட்டியாக டிஆர் டாஸ் 1988இல் வந்தது. 1991இல் நோவெல் நிறுவனம் டிஜிட்டல் ரிசர்ச்சை வாங்கியது.

கில்டால் குறுந்தகட்டு மென்பொருளிலும் முன்னோடியாக விளங்கினார். டாம் ரோலண்டருடன் சேர்ந்து இவர் தொடங்கிய மற்றொரு நிறுவனம், 1985இல் குரோலியர் கலைக்களஞ்சியத்தைக் குறுந்தகட்டில் வெளியிட உதவியது. முழு உரையிலும் சொல் தேடும் வசதியுடன் கணினியில் வந்த முதல் கலைக்களஞ்சியங்களுள் அது ஒன்றாகும். 1980களில் கம்ப்யூட்டர் கிரானிக்கிள்ஸ் என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியை ஸ்டூவர்ட் ஷிஃபேயுடன் இணைந்து வழங்கினார். தமக்குப் போட்டியான நிறுவனங்களின் பொருள்களும் அதில் அறிமுகம் பெற்றன.

பகிரப்பட்ட நிரலகங்களில் கில்டாலின் தடம்

எம்எஸ்-டாஸ் கோப்பின் நீளத்தைப் பைட்டுக் கணக்கில் குறித்து வைத்தது. எனவே 26 என்னும் முடிவுக் குறிக்கு அங்குத் தேவை இல்லை. ஆயினும் சிபி/எம்மிலிருந்து மாற்றப்பட்ட நிரல்களும் கோப்புகளும் அக்குறியை எதிர்பார்த்ததால் வழக்கம் தொடர்ந்தது. டாஸில் காப்பி கான் கட்டளையால் கோப்பு உருவாக்கியவர்கள், முடிவில் கண்ட்ரோல்-இசட் அழுத்தியதை நினைவில் வைத்திருப்பர்.

டாஸிற்கான சி தொகுப்பிகள் இவ்வழக்கத்தை இயக்கநேர நிரலகத்தினுள் அமைத்தன. கோப்பை உரை முறையில் திறந்தால், 13, 10 என்னும் இரு குறிகளை நிரலகம் 10 என்னும் ஒரே குறியாக மாற்றித் தரும். 26 வந்தால் கோப்பு முடிந்ததாக அறிவிக்கும். இரும முறையில் திறந்தால் எதனையும் மாற்றாது. 1989ஆம் ஆண்டின் சி மொழித் தரம் இவ்விரு முறைகளுக்கும் இடமளித்தது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் நெடுங்காலம் பயன்பட்ட டர்போ சியிலும், படக் கோப்பொன்றை உரை முறையில் திறந்த மாணவர், கோப்பு பாதியில் முடிந்துவிடுவதைக் கண்டிருக்கக்கூடும். பிழை நிரலில் இருந்தாலும், அதன் வேர் 8 அங்குல நெகிழ்வட்டில் உள்ளது.

விண்டோஸில் பல நிரல்கள் ஒரே நேரத்தில் இயங்கியதால், நிரலகத்தைப் பகிர்ந்துகொள்ளும் தேவை எழுந்தது. ஒவ்வொரு நிரலும் தனித்தனிப் படி வைத்திருப்பதற்குப் பதிலாக, டிஎல்எல் வகைக் கோப்பாக ஒரே படி வட்டில் இருந்தால் இடம் மிச்சமாகும். பிழை திருத்தமும் எளிது. விசுவல் சி++ 4.2 (1996) முதல் 6.0 (1998) வரை எம்எஸ்விசிஆர்டி என்னும் ஒரே பெயருடைய நிரலகம் பயன்பட்டது.

பகிர்வினால் புதிய சிக்கலும் விளைந்தது. மென்பொருள்கள் நிறுவப்படும்போது தத்தம் பதிப்பை அமைப்புக் கோப்புறையில் எழுதின. பழைய பதிப்பு புதியதன்மீது எழுதப்பட்டால், தொடர்பே இல்லாத வேறொரு நிரல் நின்றுபோகும். விண்டோஸ் 2000 அமைப்புக் கோப்புகளை இவ்வாறு மாற்றுவதைத் தடுத்தது. 2002 முதல் ஒவ்வொரு விசுவல் சி++ பதிப்பிற்கும் வேறு பெயருடைய நிரலகம் வந்தது. அதனால் ஒரே நிரலுக்குள் இரு நிரலகங்கள் சேரும் நிலையும் ஏற்பட்டது. ஒன்றிடம் பெற்ற நினைவகத்தை மற்றொன்றிடம் திருப்பித் தந்தால் நிரல் சிதையும். 2015இல் பொதுவான இயக்கநேர நிரலகம் அறிமுகமாகி, விண்டோஸ் 10இன் பகுதியாயிற்று.

பெயர்களும் பதிப்புகளும் இத்தனை முறை மாறியபோதும், உரை முறையில் 26 என்னும் குறியைக் கோப்பின் முடிவாகக் கொள்ளும் வழக்கம் மாறவில்லை. சி மொழியில் எழுதப்பட்ட பைத்தான் 2 போன்ற மொழிகளும் விண்டோஸில் இதனை மரபுரிமையாகப் பெற்றன. கீழடுக்கில் எடுக்கப்படும் முடிவை நம்பி மேலடுக்குகள் வளர்ந்துவிட்டால், அதன் காரணம் மறைந்த பின்னரும் முடிவு மறைவதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

மறைவு

கில்டால் ஜூலை 8, 1994இல் மான்டரேயில் உள்ள ஒரு மதுவகத்தில் தலையில் காயமுற்றார். மூன்று நாள்களுக்குப் பின்னர், ஜூலை 11 அன்று தமது 52ஆம் அகவையில் காலமானார். காயம் ஏற்பட்ட சூழல் குறித்து மாறுபட்ட கருத்துகள் நிலவுகின்றன. இவருடைய சாம்பல் சியாட்டிலில் அடக்கம் செய்யப்பட்டது.

நினைவு

* 1995இல் அமெரிக்க மென்பொருள் வெளியீட்டாளர் சங்கம் இவருடைய பங்களிப்புகளைச் சிறப்பித்தது.
* ஏப்ரல் 25, 2014இல், டிஜிட்டல் ரிசர்ச் இயங்கிய பசிபிக் குரோவ் கட்டடத்தின் முன் ஐஇஇஇ அமைப்பு நினைவுப் பலகை ஒன்றை நிறுவியது.
* அதே ஆண்டில் கணினி வரலாற்று அருங்காட்சியகம் சிபி/எம்மின் தொடக்கப் பதிப்புகளுடைய மூல நிரலை வெளியிட்டது.
* கில்டால் எழுதி, அச்சேறாமல் இருந்த தன்வரலாற்றின் முதற்பகுதியை 2016இல் அதே அருங்காட்சியகம் குடும்பத்தினரின் இசைவுடன் வெளியிட்டது.